கெட்டிப்பொடிக்கு ஒரு பிணம்

ஷாஜன் மல்லாந்து கிடந்தான்.

பின்மண்டை பிளந்திருந்தது. கண்கள் கிடங்கின் தகரக் கூரையை முறைத்தன. சட்டை, கை, மீசை... எங்கும் வெள்ளைப் பொடி! பக்கத்தில் வாய் கிழிந்த ஒரு சாக்கு. அதை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் வாளி.

"அய்யோ மக்கா...! என்னைய விட்டுட்டுப் போயிட்டியே லேய்...!"

குமாரதாஸ் நெஞ்சில் அடித்துக்கொண்டான். கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தான். கர்ச்சீப்பின் ஓரமாக இன்ஸ்பெக்டர் தேவகனியை அளந்தான்.

'இதுவா இன்ஸ்பெக்டர்? சர்ச்சில் காணிக்கைப் பை நீட்டுகிற அக்கா மாதிரி இருக்கிறாள்! இவள் என்னத்தைக் கிழிக்கப் போகிறாள்!'

குமாரதாஸ் மதிக்கிற ஆள் உலகத்தில் ஒருவன்தான். அவனைத் தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்துவிடுவான்.

"செத்தது யாரு சார்?"

"எனக்க பார்ட்னர் மேடம். ஷாஜன். நாங்க ரெண்டு பேருந்தான் கம்பெனி. சைனால இருந்து சாந்தன் கம் இறக்குமதி பண்ணுதோம்."

"அது என்ன சாமானம்?"

'நாசமாப் போச்சு! இதுவும் தெரியாது!'

"ஐஸ்கிரீமு, சாஸு எல்லாம் கெட்டியா வர்றதுக்குப் போடுத பொடி மேடம். ஒரு சிட்டிகை போதும், ஒரு செம்பு வெள்ளம் கொழகொழன்னு ஆயிரும். தரையில சிந்தி ஈரம் பட்டுதோ... எண்ணெயை விட மோசம்! இவன் சிந்தினதைக் கழுவப் பாத்திருக்கான். வழுக்கி, இந்தத் தூணுல மண்டை அடிச்சு..."

"நீங்க எப்பம் கண்டிய?"

"காலையில ஷட்டரைத் திறந்தப்பம். ஓடி வந்து தூக்கப் போனேன் மேடம். எனக்கே வழுக்கிச்சு! காலெல்லாம் ஒரே கொழகொழ. தூணைப் பிடிச்சதுனால பொழைச்சேன்."

பச்சைப் பொய்!

நடந்தது வேறு. சரக்கு கப்பலில் வந்ததுமே தூத்துக்குடியில் சாம்பிள் எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை ஒரு சாக்கைக்கூட விற்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் மார்த்தாண்டம் கிடங்குக்கு விட்டார்கள். ரிசல்ட்டும் வந்தது. பூச்சியைக் கொல்ல அடிக்கிற விஷவாயுவின் மிச்சம், பொடியில் அளவுக்கு மேல்! தின்கிற பண்டத்துக்கு ஆகாது, மொத்தத்தையும் அழி என்று உத்தரவு.

குமாரதாஸா அழிப்பான்?

ஓணம் நெருங்குகிறது. பார்டருக்கு அந்தப் பக்கம் ஐஸ்கிரீம் போடுகிறவர்கள் பொடி கிடைக்காமல் பறக்கிறார்கள். இன்று சாயங்காலம் லாரி வருகிறது. அதற்குள் போலீஸ் இதை விபத்து என்று முடித்துக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் அவன் கவலை.

கிடங்குப் பக்கம் அவன் எட்டிப் பார்க்கிறவனே இல்லை. தூசி, வேர்வை, லோடுமேன்... அதற்கெல்லாம் ஷாஜன். நேற்று சாயங்காலம்தான் குமாரதாஸ் இங்கே வந்தான். வந்ததும் ஷாஜன் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் வேய். சின்னப் பிள்ளையள் திங்குத சாதனம். கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடியே சாம்பிள் வாங்கி டெஸ்ட் பண்ணுவோம்னேன். ஒருத்தனையே நம்பாம இன்னொரு சப்ளையரைப் பிடிப்போம்னேன். கேட்டீரா? போட்டும். இந்த லாரியை மட்டும் வேண்டாம்னு சொல்லிரும். கெஞ்சிக் கேக்கேன்... இல்லேன்னா நானே ஆபீசர்ட்ட சொல்லிப்போடுவேன்."

"போவே! பாடம் எடுக்க வந்துட்டான், கழுதை!"

இரும்புக் கம்பி. ஒரே அடி!

பிறகு சாக்கைக் கிழித்தான். பொடியைத் தரையில் கொட்டி, வாளியிலும் அள்ளிப் போட்டு, தண்ணீரைக் கோரி ஊற்றினான். முன்பு ஒரு லோடுமேன் இந்தப் பொடியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்ட கதை அவன் காதுக்கு வந்திருந்தது. நின்று பார்க்கவில்லை. கம்பியைக் கொண்டுபோய்க் குழித்துறை ஆற்றில் எறிந்தான்.

"சார்... கொஞ்சம் இங்க வாங்க."

தேவகனி வாளியின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாருங்க. மேல வெள்ளம் தெளிஞ்சு நிக்கு."

"அதுக்கு?"

அவள் கையை உள்ளே விட்டாள். அடியில் உறைந்து கிடந்ததை நகத்தால் சுரண்டி எடுத்துக் காட்டினாள்.

"கொழகொழன்னு ஆயிரும்னு சொன்னிய. இது அடியில கல்லு மாதிரில்லா இறுகிக் கிடக்கு! மரச்சீனிக் கிழங்கை அரைச்சுக் கலக்கி வச்சா எங்க வீட்டுல இப்பிடித்தான் சார் தெளியும். இதுலயா உங்களுக்குக் காலு வழுக்கிச்சு?"

குமாரதாஸுக்கு வேர்த்தது. ஆனாலும் அவன் யார்!

"அய்யோ...! சைனாக்காரன் ஏமாத்திட்டான் மேடம்! கம்முன்னு சொல்லி மாவை அனுப்பிட்டான், சதிகாரப் பாவி!"

"அவனைக் குத்தம் சொல்லாதேயும்."

வாசலில் நாராயணபெருமாள்! உணவுப் பாதுகாப்பு அதிகாரி. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூடக் குடிக்காத மனுஷன் என்று குமாரதாஸ் அடியோடு வெறுத்த ஆள்.

"அவன் அனுப்பின பொடியைப் போன வாரமே எனக்க முன்னால குழி வெட்டி மூடியாச்சு. மூடினது உமக்க பார்ட்னர். பொறவு லோடுமேன்மாரை வச்சு இந்தச் சாக்கு பூரா மரச்சீனி மாவை நிறைச்சு வச்சோம். நீரு லாரியில ஏத்தும்போ கையும் களவுமா பிடிக்கதுக்கு. தப்பித்தவறி வெளிய போனாலும் பிள்ளையளுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு, மாவை வைப்போம்னு சொன்னதே ஷாஜன்தான்."

நாராயணபெருமாள் ஷாஜனின் பக்கம் வந்து நின்றார்.

"நேத்து எனக்கு போன் பண்ணினாரு. 'கடைசியா ஒரு தடவை சொல்லிப் பாக்கேன் சார், கேட்டான்னா பொழைச்சிப் போட்டும்'னாரு. உம்மைக் காப்பாத்தத்தான் வேய் பாத்தாரு!"

தேவகனி எழுந்தாள். கையை உதறினாள்.

"மாவு மாறின விஷயம் இந்த சாருக்குத் தெரியும். லோடுமேன்மாருக்குத் தெரியும். செத்துக் கிடக்குத ஷாஜனுக்கும் தெரியும். இது வழுக்கும்னு நம்பி வெள்ளத்தைக் கோரி ஊத்தணும்னா, ஒண்ணும் தெரியாத ஒருத்தன்தான் ஊத்தணும். கிடங்குச் சாவி வச்சிருக்கிற ஆளுல அப்பிடி ஒருத்தர்தான் உண்டு... நீங்க!"

"வெறும் மரச்சீனி மாவுக்கா..." குமாரதாஸ் சாக்குகளைப் பார்த்து அலறினான். "இந்த எளவு மாவுக்கா நான் அவனை அடிச்சுக் கொன்னேன்...!"

சட்டென்று வாயைப் பொத்தினான்.

டூ லேட்!

கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தார். குமாரதாஸ் அழுதான். இந்தத் தடவை கர்ச்சீப்பைத் தேடவில்லை.

தேவகனி அவன் தோளைத் தட்டினாள்.

"விசனப்படாதிய சார். ஜெயில்ல களி நல்லா கெட்டியாவே இருக்கும்... சைனாப் பொடி ஒரு சிட்டிகைகூடச் சேக்க மாட்டாங்க!"