அழைப்பு வராத நாட்கள்

அன்றைக்கும் யாருக்கும் அழைப்பு வரவில்லை. அதனால் முகாமில் பாயசம் வைத்தார்கள்.

அழைப்பு வராத நாள் நல்ல நாள் என்பது கழிமுகத் துறைமுக முகாமில் இரண்டு வருஷத்துப் பழக்கம். சரக்குப் பெட்டிகளுக்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த முன்னூற்றுப் பன்னிரண்டு வேலைநிறுத்தக்காரர்களுக்கும் இடது காதுக்குப் பின்னால், சட்டைப் பொத்தான் அளவில், ஒரு வலியேந்தி ஒட்டியிருந்தது. உடம்பில் எங்கே வலி கிளம்பினாலும் மூளைக்குப் போகிற வழியிலேயே அதை மடக்கி, விண்ணலையில் ஏற்றி, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வடபுல ஒன்றியத்தில் அவரவருக்கென்று இருக்கும் ஆறு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிடும். அந்த ஆறு பேரும் தாங்களாக முன்வந்தவர்கள். வலியேற்பர் என்று பெயர். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தப் பழமொழி கழிமுகத்தில் செல்லாக்காசாகி இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

இதில் தயவு பாதி, சூட்சுமம் பாதி. நாட்டை ஆளும் தேசக் காப்பாளர், தேர்தலை ரத்து செய்த வருஷம், துறைமுகத்தில் ஒரு பெட்டியையும் ஏற்ற மாட்டோம், இறக்க மாட்டோம் என்று இவர்கள் உட்கார்ந்தார்கள். அடி விழுந்தது. ஒன்றியம் கண்டனம் தெரிவித்தது, மேலும் விழுந்தது. பிறகுதான் இந்தக் கருவி வந்தது. இங்கே ஒருவனை அடித்தால் அங்கே ஆறு பேருக்கு வலிக்கும். அந்த ஆறு பேரும் ஒன்றியத்தின் குடிமக்கள். தன் குடிமக்களை அடிக்கிறான் என்று சொல்லி ஒரு நாடு எதையும் செய்யலாம் அல்லவா? வணிகத் தடை போட்டார்கள். எட்டு மைல் தள்ளி ஒரு மருத்துவக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முகாமின் மொத்த வலியைக் காட்டும் அளவு எண் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை தடையும் இருக்கும், கப்பலும் இருக்கும் என்று ஒப்பந்தம்.

ஒரு சிக்கல் இருந்தது. வலி தெரியாதவனுக்குத் தன் கால் முறிந்ததும் தெரியாது. ஆகவே வலியேற்பர்கள் சாயங்காலமானால் முகாமை அழைப்பார்கள். "இன்று இடது முழங்கால், பின்பக்கம்" என்று மொழிமாற்றிப் பெட்டி சுத்தமான தமிழில் சொல்லும். கித்தேரி குறித்துக்கொண்டு போய் அந்த ஆளை உட்காரவைத்துப் பார்ப்பாள். துறைமுக முதலுதவி அறையில் பதினொரு வருஷம் கட்டுப் போட்டவள் அவள். முகாமில் அந்த வேலைக்கு மெய்பார்ப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். நம் உடம்பில் எங்கே நோகிறது என்பதை வெளிநாட்டுக்காரன் போன் போட்டுச் சொன்னால்தான் உண்டு என்ற நிலைமை. முதல் மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அதுவும் பழகிவிட்டது.

நாற்பது நாளுக்கு முன்னால் அழைப்புகள் நின்றன. உடம்புகளிலும் கீறல், கன்றல் எதுவும் இல்லை. காப்பாளர் பயந்துவிட்டார் என்று சங்கச் செயலாளர் கனகசபை ஒலிபெருக்கியில் அறிவித்தார். அதிலிருந்துதான் தினமும் பாயசம்.

அன்று காலை பத்து மணிக்கு, நான்கு நாள் காவலிலிருந்து கித்தேரியின் தம்பி தொம்மையை விட்டார்கள். பளுதூக்கி ஓட்டுகிறவன், வேலைநிறுத்தத்தை முதலில் தொடங்கியவன். வாசலில் மாலை போட்டார்கள். அவன் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினான்.

"பாத்துக்கோக்கா. ஒரு கீறல் கிடையாது. ஏதோ குழாயத் தூக்கிட்டு வந்தானுவ. வயித்துக்கு நேரா புடிச்சானுவ. காத்தடிக்க மாதிரி இருந்துச்சு. அம்புட்டுதான்."

"என்ன குழா?"

"யாருக்குத் தெரியும்? அது உதச்ச உதப்புல அவனுவளே கைய உதறிக்கிட்டு நின்னானுவ."

பாயசம் குடித்தான். குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "சேமியா வேகல" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கித்தேரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி நிமிஷத்துக்கு நூற்று முப்பது ஓடியது. வயிறு மத்தளம் மாதிரி இறுகிக் கிடந்தது.

முகாமின் ஒரே டாக்டர் நாச்சியார் வந்து பார்த்துவிட்டு கித்தேரியைத் தனியே அழைத்தார்.

"உள்ள ரத்தம் கசியுது. எங்கேன்னு தெரியல. ஈரலா, மண்ணீரலா, குடலா? எங்கிட்ட ஸ்கேன் கிடையாது. கப்பல் படகு நாலு மணிக்குத்தான் வரும். எடம் தெரிஞ்சா அதுவரைக்கும் கட்டுப்படுத்திப் பாக்கலாம். வலிக்கிற எடத்த அவன் காட்டணும்."

"அவனுக்குத் தெரியாதே."

"அப்ப, யாருக்குத் தெரியுமோ அவங்களக் கேளு."

இரண்டு வருஷத்தில் கித்தேரி அங்கிருந்து வரும் அழைப்புகளை எடுத்திருக்கிறாளே தவிர, ஒருமுறைகூடத் தானாக அழைத்ததில்லை. தேவைப்படவில்லை. தொம்மையின் ஏற்பர்களில் ஹில்தூர் என்று ஒரு பள்ளி ஆசிரியை உண்டு. எழுபத்தொரு வயது. அவன் ஒரு சமயம் விரலை நசுக்கிக்கொண்டபோது, அவன் கவனிக்கும் முன்பே அழைத்துச் சொன்னவள். கித்தேரி அவளுடைய எண்ணை அழுத்தினாள்.

"மறுமுனையில் இருப்பவர் அழுகிறார். தொடரலாமா?" என்று கேட்டது மொழிமாற்றி.

"தொடரு. அம்மா, நான் தொம்மைக்கு அக்கா பேசுதேன். அவனுக்கு எங்க வலிக்கி? சீக்கிரம் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது மகளே. எனக்கு இப்போது ஒன்றும் வலிப்பதில்லை. எங்கள் காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டார்கள். நாற்பது நாட்கள் ஆகின்றன. எங்கள் துன்பத்தைக் குறைக்க வேண்டும் என்று பாராளுமன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது. உங்கள் வலியெல்லாம் இப்போது ஒரு தொட்டிக்குப் போகிறது. வலித்தொட்டி. அது இயந்திரம். நான் எதிர்த்துக் கடிதம் எழுதினேன். உங்களிடம் சொல்லிவிட்டதாகப் பதில் வந்தது. சொல்லவில்லையா?"

"சொல்லல."

"அவருக்கு எங்கே வலிக்கிறது?" என்று ஹில்தூர் கேட்டாள்.

கித்தேரி இணைப்பைத் துண்டித்தாள். கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. வலியேந்திக்கு வயிற்று வலியும் ஒன்றுதான், நெஞ்சு வலியும் ஒன்றுதான். இரண்டையும் அது வடக்கே அனுப்பிவிடும். போன வருஷம் அவள் புருஷன் வாசல் மறியலில் செத்தபோதும் அப்படித்தான். குழிக்குள் மண் போட்டுவிட்டு வந்து உலை வைத்தாள். அழாமல் இருந்ததற்காக ஊரே அவளைத் திடமான பொம்பளை என்றது.

தொம்மையைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். அவள் அவன் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். கனகசபை குறுக்கே வந்து நின்றார்.

"என்னம்மா செய்யுத? எடுத்தா அது செத்துப்போவும். திரும்ப ஒட்டாது. வலியேந்தி இருக்கவனுக்குத்தான் ஒன்றியம் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"பொறுப்பா இருக்கவன் ஒருத்தன் பேரச் சொல்லுங்க அண்ணாச்சி. வலி தொட்டிக்குப் போகுதாம். அந்தக் குழாய வெச்சு, மேல ஒரு அடையாளமும் விழாம நாப்பது நாளா நம்மள அடிக்கான். ஆறு பேருல ஒருத்தனுக்குக்கூடத் தெரியல. நமக்கும் தெரியல. நாம பாயசம் குடிச்சுட்டு இருந்திருக்கோம்."

கனகசபை விலகினார். தொம்மை அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எக்கா, வேண்டாம்க்கா. வலின்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தாம்ல இருக்கு" என்று சொல்லி அவள் பிடுங்கினாள்.

அந்த முகாமில் இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு மனிதன் கத்தினான். பெட்டிகளின் தகரம் அதை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்தது. சமையல் செய்துகொண்டிருந்தவர்கள் கரண்டியோடு ஓடி வந்தார்கள். தொம்மை இடது விலாவுக்குக் கீழே இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு சுருண்டான். தோள்பட்டையும் நோகிறது என்று அலறினான்.

"மண்ணீரல்" என்றார் நாச்சியார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "எடம் தெரிஞ்சுபோச்சு. இறுக்கிக் கட்டுவோம். நாலு மணிக்குப் படகு வந்துட்டா கப்பல்ல ரத்தம் ஏத்தி, மயக்க மருந்து கொடுத்து எடுத்துருவாங்க. பொழச்சுக்குவான்." பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "இந்த நாப்பது நாள்ல எத்தன பேரு உள்ள போயிட்டு வந்தீங்க?"

நாற்பத்தேழு கைகள் உயர்ந்தன. சிலர் உயர்த்தியதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். போகாதவர்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது; வேலி ஓரமாக நின்றபோது காத்தடித்த மாதிரி இருந்தது என்றாள் ஒருத்தி. "எனக்கும் எடுத்துப் பாரு கித்தேரி" என்று காதைத் திருப்பிக் காட்டினாள்.

பகல் முழுக்க அதே வேலை. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். அவள் பிடுங்கினாள், அவர்கள் கத்தினார்கள், எங்கே என்று டாக்டர் கேட்டார். விலா முறிந்தவர்கள் ஒன்பது பேர். சிறுநீரகத்தில் அடிபட்டவர்கள் பதினாறு பேர். ஒருவனுக்குப் பல் சொத்தை மட்டும்தான். அவன்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தினான். கடைசியில் முகாமில் மிஞ்சியது அவளுடைய வலியேந்தி மட்டும். அதையும் பிடுங்கினாள். குதிகாலில் ஒரு வெடிப்பு இருந்திருக்கிறது; அது முதலில் தெரிந்தது. அடுத்து புருஷன் ஞாபகம் வந்தது. ஒரு வருஷத்துப் பாக்கி முழுவதும் ஒரே சமயத்தில் வர, அவள் மருந்துப் பெட்டியின் மேல் கவிழ்ந்து வாய்விட்டு அழுதாள். யாரும் தேற்றவில்லை. அவரவருக்கு அவரவர் பாடு இருந்தது.

மணி நாலாயிற்று. படகு வரவில்லை. நாலரைக்கு ஒலிப்பெட்டியில் கப்பலின் குரல் வந்தது.

"கழிமுக மக்களுக்கு வாழ்த்துகள். இன்று பதினைந்து மணி ஐம்பது நிமிடத்துக்கு உங்கள் முகாமின் அளவு எண் பூஜ்யத்தை அடைந்தது. இரண்டு ஆண்டுகளில் முதல் முறை. சித்திரவதை நின்றுவிட்டதை ஒன்றியம் மகிழ்ச்சியுடன் உறுதி செய்கிறது. வணிகத் தடை இன்றிரவு நீங்குகிறது. எங்கள் பணி நிறைவடைந்ததால் கப்பல் திரும்புகிறது."

கித்தேரி ஒலிப்பெட்டியைப் பறித்தாள். "நிறையவும் இல்ல, ஒண்ணும் இல்ல! நாங்கதான் பிடுங்கிப் போட்டோம். இங்க எல்லாருக்கும் வலிக்கி. எந்தம்பி சாவக் கிடக்கான். படக அனுப்புங்க."

"கருவியில் அப்படிப் பதிவாகவில்லையே அம்மா."

அவள் பெட்டியைத் தொம்மையின் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தாள். அவன் கத்திக்கொண்டிருந்தான். பின்னால் மற்றவர்களும்.

"கேக்குதா?"

"கேட்கிறது," என்றது கப்பல். "ஆனால் அளவு எண் பூஜ்யம். பூஜ்யத்தில் நாங்கள் இங்கே நின்றால் அது ஒரு நாட்டின் கடல் எல்லையை மீறியதாகும். மன்னிக்க வேண்டும்."

கனகசபை தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்தார். அழைப்பு வரவில்லை என்றால் அடி இல்லை என்று நாற்பது நாள் நம்பியவர் அவர். இப்போது அதே கணக்கைக் கப்பல்காரன் போடுகிறான்.

தானே அறுத்துப் பார்ப்பது என்று நாச்சியார் கத்தியைக் கொதிநீரில் போட்டார். மயக்க மருந்து இல்லை. ஆறு பேர் தொம்மையின் கைகால்களைப் பிடித்துக்கொண்டார்கள். கித்தேரி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்தே காலுக்கு அவன் செத்தான். அதுவரைக்கும் அவனுக்கு வலித்தது. கடைசியில் "எக்கா" என்றான்.

இருட்டியதும், தடை நீங்கிய முதல் சரக்குக் கப்பல் வெளியே துறைமுகத்துக்குள் சங்கு ஊதிக்கொண்டு வந்தது. யாரோ வானொலியில் செய்தி வைத்திருந்தார்கள். கழிமுகத்தில் இப்போது யாருக்கும் வலி இல்லை என்று ஒன்றியத்தின் தலைவர் பேசிக்கொண்டிருந்தார், பாராளுமன்றத்தில் கைதட்டினார்கள். அணைக்கப் போனவனைக் கித்தேரி தடுத்தாள். "இருக்கட்டும்ல. கேப்போம்" என்றாள். தம்பியின் தலையை மடியிலிருந்து இறக்காமல், இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு, அந்தக் கைதட்டல் ஓயும்வரை அழுதாள்.