இடது ஸ்கேட்டின் உள்விளிம்பு

ஜனவரி 10. காலை 6.50.

வில்மா ஹராசிமின் சமையலறை மேசையில், பழைய செய்தித்தாளின் மேல், ரெமியின் இடது ஸ்கேட் கிடந்தது. அதன் பிளேடின் உள்விளிம்பில் கருக்கு போயே போய்விட்டது. நகத்தை வைத்து இழுத்தால் மூன்று இடத்தில் தட்டியது. வலது ஸ்கேட் நேற்றுத் தீட்டியது தீட்டியபடியே இருந்தது.

"இதை மாட்டிக்கிட்டு எப்படிடா நின்னே?"

"எங்க நின்னேன்? அதான் ஆறு கோல்," என்றான் ரெமி.

ரெமி லாவாலேவுக்கு வயது இருபது. எங்கள் டன்வெர்லி ஊர் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். மூன்று பீரியட் கொண்ட நேற்றைய ஆட்டத்தில் அணி ஆறு கோல் வாங்கித் தோற்றிருந்தது. அணியில் சேரும் வெளியூர்ப் பையன்களை இங்கே ஆளுக்கொருவராக வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுவது வழக்கம். மூன்று வருஷமாக இவனுக்குப் போடுபவர் வில்மா. வயது அறுபத்தொன்று. காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவார். உள்ளூரில் ஆட்டம் நடந்தால் ஸ்கோர் எழுதுவார். கண்ணில் பட்டதை எழுதிக்கொள்வார், காதில் விழுந்ததை நம்ப மாட்டார். ஊரில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

இன்று மாலை மூன்று மணியோடு அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடிகிறது. ரெமியை வடக்கே, பன்னிரண்டு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கும் ஓர் அணிக்குத் தள்ளிவிடப் போவதாகக் கோச் நேற்றே சொல்லிவிட்டார். வாசலருகே பை கட்டித் தயாராக இருந்தது.

"ஊரை விட்டுப் போறது கூடப் பரவாயில்ல வில்மா," என்றான் ரெமி. "எனக்கு ஆடவே வரலை போல. மூணு வருஷமா நீங்க எல்லாரும் என்கிட்ட ஏமாந்திருக்கீங்க."

இவன் இப்படிப் பேசுகிற பையன் அல்ல.

"ஸ்கேட்டைத் தீட்டினது யாரு?"

"நம்ம அரங்கத்து ஆர்விட்தான். ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு தடவை. முதல் பீரியட்ல வழுக்குச்சு, இடைவேளைல குடுத்தேன், மறுபடி தீட்டினார்."

"அப்புறம்?"

"ரெண்டாவது பீரியட் ஜோரா இருந்துச்சு. மூணாவதுல திரும்பவும் காலை வாரிடுச்சு."

"மூணாவதுக்கு முன்னாடி தீட்டலையா?"

"நல்லாத்தானே இருந்துச்சு? எதுக்குத் தீட்டணும்? கழட்டக்கூட இல்ல."

வில்மா ஸ்கேட்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

காலை 8.50.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி உறைகுளிர். காபிக் கடைக்குள் அதற்கு நேர்மாறு. வில்மா நுழைந்தபோது தானியக் கிடங்கு மேலாளர் லொயல் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக ஓர் ஆட்டம் விடாமல் பார்ப்பவர்; ஸ்கேட் போட்டு நடந்ததை யாரும் பார்த்ததில்லை.

"ஆறு கோல்! எங்க வீட்டுத் தபால் பெட்டியைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தா ரெண்டையாவது தடுத்திருக்கும்!"

"உன் வாயைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தா ஆறையும் தடுத்திருக்கும்," என்றாள் டார்சி. முடி வெட்டும் கடைக்காரி. கத்திரி கையில் இல்லாவிட்டாலும் வெட்டுவாள். "பின்வரிசைல ரெண்டு பேரு தூங்கினானுங்களே, அதைக் கேக்க மாட்டியா?"

"அதுக்குத்தான் சொல்றேன். ரெமியைக் குடுத்துட்டு நல்ல பின்வரிசை ஆளா ஒருத்தனை வாங்கணும்."

"போன வருஷமும் வாங்கினோமே ஒருத்தனை! அவன் ஸ்கேட் பண்றதைப் பாத்து எங்க அத்தை சிரிச்சாங்க. அவங்களுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆன மறுவாரம்."

"கோச் என்ன பண்ணுவாரு, பாவம். ஏழு ஆட்டம் வரிசையா தோத்தாச்சு. வெள்ளிக்கிழமை கிளப் கமிட்டி கூடுது. ரெமி போகலைன்னா அவரு போகணும்."

"அதைச் சொல்லு. அவரைக் கமிட்டி மிதிக்குது, கமிட்டியை நீ மிதிக்கிறே, கடைசில எல்லாருமா அந்தப் பையனை மிதிக்கிறீங்க. எதிராளி கோல்கீப்பர் மட்டும் என்ன கிழிச்சான்? ரெண்டாவது பீரியட்ல புதுசாப் பிறந்த கன்னுக்குட்டி மாதிரி காலை விரிச்சு விழுந்தான். இல்லன்னா நமக்கு அந்த ரெண்டு கோலும் கிடையாது."

வில்மா ஸ்கேட்டை எடுத்து மேசையில் வைத்தார். லொயல் விரலால் தடவிப் பார்த்தார். குரல் இறங்கியது.

"ஆர்விட் வேலை."

"எதை வெச்சுச் சொல்றே?"

"ரெமி போனா கோல்ல யாரு நிப்பா? மாத்து கோல்கீப்பர், கேட்ங்கற பையன். அவன் ஆர்விட்டோட அக்கா மகன். இதுக்கு மேல என்ன வேணும்?"

ஆர்விட் எங்கள் ஐஸ் அரங்கைக் கவனித்துக்கொள்கிறவர். ஐஸைச் சீவி நீர் விடும் வண்டியும் அவர் கையில், ஸ்கேட் தீட்டும் இயந்திரமும் அவர் கையில். லொயல் சொன்னது கடைக்குள் பரவ அரை நிமிஷம்தான் ஆனது.

அப்போது கதவு திறந்தது. கோச் கார்ல் ஸ்பரெல் வந்தார். கிழக்குக் கடற்கரைக்காரர், பழைய முன்வரிசை ஆட்டக்காரர். பிளாஸ்கை நீட்டினார்.

"கொதிக்கக் கொதிக்க. பால் வேண்டாம்," என்றார்.

"இவர் ஒருத்தருக்காகக் கடைல டீ டப்பா வெச்சிருக்கேன்," என்று கடைக்காரர் முணுமுணுத்தார். "ஊரே காபி குடிக்குது."

லொயலுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "கோச், கோல் கம்பத்துல ஒரு குதிரை லாடம் மாட்டிப் பாக்கறது? அதிர்ஷ்டம் வரும்!"

"அதிர்ஷ்டமெல்லாம் ஸ்கேட் பண்ணத் தெரியாதவனுக்கு," என்றார் கோச், திரும்பிப் பார்க்காமலே. ராத்திரி தூங்கவில்லை என்று முகமே சொன்னது.

காலை 9.30.

நிறுத்திய பேருந்தில் உட்கார்ந்து வில்மா நேற்றைய ஸ்கோர் தாளின் மஞ்சள் நகலை விரித்தார். நாங்கள் வாங்கியது: முதல் பீரியடில் மூன்று, இரண்டாவதில் ஒன்றுமில்லை, மூன்றாவதில் மூன்று. நாங்கள் போட்டது: இரண்டு, இரண்டும் நடுப் பீரியடில். வாங்கிய ஆறில் நான்கு முறை ரெமி இடது காலை உதைத்து நகரும்போது வழுக்கியதைப் பார்த்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

ஆர்விட் தீட்டிக் கெடுத்திருந்தால், தீட்டிய கையோடு போய் ஆடிய இரண்டாவது பீரியடில் அல்லவா விழுந்திருக்க வேண்டும்? அதில்தான் ஒரு குறையும் இல்லை. சரி, இரண்டாவது இடைவேளையில் அந்தப் பையன் கேட் கை வைத்தானா? அப்போது ரெமி ஸ்கேட்டைக் கழற்றவே இல்லையே. அப்படியென்றால் காலில் மாட்டியிருந்த ஸ்கேட்டை யார், எப்படிக் கெடுத்தார்கள்? அந்த எதிராளிப் பையன் ஏன் விழுந்தான்? தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கூடப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. தலைவலிதான் வந்தது.

பகல் 1.25.

காலை முழுவதும் அரங்கில் பள்ளிக் குழந்தைகளின் ஸ்கேட்டிங் வகுப்பு. அது முடிந்த பிறகுதான் வில்மாவால் உள்ளே போக முடிந்தது. ஆர்விட் ஐஸ் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

"ஊர்ல என்ன பேசறாங்கன்னு தெரியுமா ஆர்விட்?"

"தெரியும். காலைலேருந்து ஒருத்தனும் என் முகத்தைப் பாக்கலை."

"பதில் சொல்லேன்."

"என்னத்தைச் சொல்ல? என் அக்கா மகன் ஆடணும்னு இன்னொரு பையனோட பிளேடைக் கெடுப்பேனா? என் பிளேடே நாசமாப் போயி உக்காந்திருக்கேன்."

"உன் பிளேடா?"

"வண்டி பிளேடு. போன வாரம் மாட்டினது. நேத்து எதுலயோ தட்டி விளிம்பு ஒடைஞ்சு போச்சு. வடக்கு கோல் பக்கம் சீவினப்பதான் ஐஸ்ல நூல் மாதிரி கோடு விழ ஆரம்பிச்சுது. கல்லு எதாவது கிடந்துச்சோ என்னவோ."

"எந்தப் பக்கம்னே?"

"வடக்கு."

வில்மா பையைத் திறந்து மஞ்சள் தாளை எடுத்தார். ஒவ்வொரு பீரியடுக்கும் அணிகள் பக்கம் மாறும். வடக்கு கோலில் முதல் பீரியட் நின்றது ரெமி. இரண்டாவதில் எதிராளி. மூன்றாவதில் மறுபடியும் ரெமி. எட்டு கோலும் வடக்குப் பக்கமே. தெற்கில் நேற்று முழுவதும் ஒரு கோல்கூட விழவில்லை.

"ஆர்விட், எழுந்திரு. ஸ்கேட்ல ஒண்ணும் இல்ல. ஐஸ்ல இருக்கு."

இருவரும் ஐஸில் இறங்கினார்கள். வடக்கு கோலுக்கு முன்னால் நீல அரைவட்டம். இடது கம்பத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பழுப்புக் கறை. ஆட்டக்காரர்கள் பார்த்திருப்பார்கள், யாரோ புகையிலை துப்பியது என்று நினைத்திருப்பார்கள். ஆர்விட் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். மஞ்சளாக ஏதோ மின்னியது.

ஒரு டாலர் நாணயம். சாய்ந்து, விளிம்பை மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

"அடப் பாவிகளா," என்றார் ஆர்விட். "எவனோ அதிர்ஷ்டத்துக்குப் புதைச்சிருக்கான்!"

ஐஸுக்கு அடியில் நாணயம் வைத்தால் வெற்றி என்று இந்த நாட்டில் நம்பாதவர்கள் குறைவு. கெடுக்க நினைத்தவன் ஆணியை வைத்திருப்பான். இதை வைத்தவன் ரெமி ஜெயிக்க வேண்டுமென்று வைத்திருக்கிறான். அதிலும் ரெமி இரண்டு பீரியட் நிற்கும் பக்கமாகப் பார்த்து.

"நீ வெச்சியா?"

"நான் வெச்சிருந்தா செப்டம்பர்ல சிமெண்ட் தரை மேலயே வெச்சு, அதுக்கப்புறம் ஐஸ் போட்டிருப்பேன். இது விரக்கடை ஆழம் கூட இல்ல. வேற எங்கயாவதுன்னா சரி. கோல்கீப்பருங்க ஒவ்வொரு பீரியடும் வந்ததும் வழுவழுப்பு போக அந்த இடத்தைக் காலால சுரண்டித் தள்ளுவாங்களே! ரெண்டு தடவை சுரண்டினா வெளில வந்துடும். கோல்ல நின்னவனுக்கு இது தெரியும். இதை வெச்சவன் கோல்ல நிக்காதவன்."

"லொயல்?"

"லொயல் பச்சைத் தண்ணிய ஊத்தியிருப்பான். அது மூடி மாதிரி தனியா நின்னு பேந்துடும். இதைப் பாரு, எப்படிப் பிடிச்சிருக்கு! சுடுதண்ணி ஊத்தினாத்தான் கீழ இருக்கற ஐஸ் உருகிச் சேந்து பிடிக்கும். ஐஸ்லயே வாழ்ந்தவனுக்குத்தான் இது தெரியும். ஆனா அரங்கத்துல சுடுதண்ணிக் குழாய் என் அறைல மட்டும்தான். அது எப்பவும் பூட்டியிருக்கும்."

வில்மா பழுப்பு ஐஸில் ஒரு சில்லை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். அது உருகியதும் முகர்ந்து பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

பகல் 2.35.

கோச்சின் அறைக்கு வெளியே பெஞ்சில் ரெமி, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வில்மா அவனைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நாணயத்தை மேசையில் வைத்தார். அதன் மேல் இன்னும் கொஞ்சம் பழுப்பு ஐஸ் ஒட்டியிருந்தது.

கோச் அதைப் பார்த்தார். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"வடக்கு கோல்லேருந்து எடுத்தது," என்றார் வில்மா. "ரெமியோட பிளேடு இது மேலதான் தேஞ்சுது. எதிராளிப் பையன் விழுந்ததும் இதுலதான். ஆர்விட்டோட வண்டி பிளேடும் போச்சு, அவர் மானமும் போச்சு. சுடுதண்ணி வேணும்னு தெரிஞ்ச ஆள், ஆனா குழாய் கிடைக்காத ஆள். கைல இருந்த பிளாஸ்க்கைத் திறந்து ஊத்தியிருக்கார். பால் இல்லாத டீ. இந்த ஊர்ல அதைக் குடிக்கறது ஒரே ஒருத்தர்தான், கார்ல்."

கோச் நாணயத்தைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"ஞாயித்துக்கிழமை காலைல," என்றார் கடைசியில். "யாரும் இல்ல. எனக்கு வேற என்ன செய்யறதுன்னே தெரியலை வில்மா. எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டேன்."

"நேத்து அவன் விழுந்தப்ப உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"காசு பலிக்கலைன்னுதான் நெனச்சேன்."

வில்மாவுக்குக் கோபம் பொங்கியது. கூடவே, காதில் விழுந்தது சரிதானா என்ற குழப்பமும். சிரிக்கிற விஷயமா, அழுகிற விஷயமா என்று அவருக்கே விளங்கவில்லை.

2.46. தொலைபேசி அடித்தது. ரெமியை வாங்கவிருந்த அணிக்காரர்கள். கையெழுத்துக்கு இன்னும் பதினாலு நிமிஷம். ரெமி போனால் கோச் தப்புவார். ரெமி தங்கினால், ஏன் தங்கினான் என்று கமிட்டிக்குச் சொல்ல வேண்டும். ஊர் சிரிக்கும். கோச் ரிசீவரை எடுத்தார்.

"இல்லீங்க. அனுப்பலை. எங்க கோல்கீப்பர் எங்களுக்கு வேணும்."

வைத்துவிட்டு அவரே கிளப் தலைவரை அழைத்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மறுமுனையில் விழுந்த கத்தல் மேசைக்கு இந்தப் பக்கம் வில்மாவுக்கே கேட்டது. கோச் ரிசீவரைக் காதிலிருந்து விலக்காமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

2.58. கோச் வெளியே வந்து ரெமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாணயத்தை அவன் கையில் வைத்தார்.

"நேத்து விழுந்த ஆறு கோல்ல நாலு என்னுது," என்றார். எல்லாவற்றையும் சொன்னார்.

ரெமி நாணயத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். புரிந்துகொள்ள அவனுக்கு நேரம் பிடித்தது.

"அப்போ நான் ஒழுங்காத்தான் ஆடினேனா?"

"ஒழுங்காத்தான் ஆடினே."

"மீதி ரெண்டு?"

"அது ரெண்டும் உன்னுதுதான். ரெண்டுமே கேவலம்," என்றார் கோச். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வா, அதைச் சரி பண்ணுவோம். வெள்ளிக்கிழமை வரைக்கும் நான்தான் கோச்."

ரெமி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு விம்மினான். விம்மலுக்கு நடுவே, ஆறு மணிக்கே வருகிறேன் என்று அவன் சொன்னது கதவருகே நின்ற வில்மாவுக்கு மட்டும்தான் புரிந்தது.