மேற்குச் சுவர்

மணல் சாய்வாகக் கிடந்தது. அதுதான் ஜெபகுமாரை உறுத்தியது.

கடலோரத்து வீட்டில் மணல் வருவது பெரிய விஷயமில்லை. கதவிடுக்கில் வரும், செருப்போடு வரும், காய்ந்த துணியை உதறினால் விழும். ஆனால் அப்படி வரும் மணல் மூலையில் சேரும், கட்டிலுக்கு அடியில் ஒதுங்கும். இது எங்கும் ஒதுங்கவில்லை. பால்கனிக் கதவில் தொடங்கி, ஹாலின் குறுக்கே சாய்வாக ஓடி, சோபாவுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளிப்பட்டு, பின்னாலிருந்த சின்ன அறையின் மேற்கு ஜன்னலுக்குக் கீழே போய் முடிந்தது. நான்கடி அகலம். அவன் மனைவி சிநேகா காலையில் பெருக்கித் துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போவாள். மாலையில் திரும்பி விளக்கைப் போட்டால், அதே இடத்தில் அதே சாய்வில் மணல் கிடக்கும்.

"காத்துல வருது" என்றான் ஜெபகுமார்.

"காத்து கோடு போட்டுகினு வருமா?" என்றாள் அவள், துடைப்பத்தை நீட்டிக் காட்டி.

அந்தச் சாய்வு அவனுக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் கம்ப்யூட்டர் திரையில் பார்த்த சாய்வு அது.

திருவிடந்தையைத் தாண்டி ஈசிஆர் ஓரமாக எழுந்த அந்தக் குடியிருப்புக்குத் தேவையான எல்லாவற்றையும் திட்டமிட்டவன் அவன்தான். நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்குக் குடிதண்ணீர் எங்கே தேங்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் எங்கே நிற்க வேண்டும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், தீயணைப்பு வண்டி எங்கே திரும்ப வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அவன் வரைந்தான். நிலம் அளந்தவர்கள் கொடுத்த முதல் வரைபடத்தில், ஈசிஆர் பஸ் நிறுத்தத்திலிருந்து மேற்கே, சவுக்குத் தோப்பின் குறுக்கே, விட்டுவிட்டுச் சாய்வாக ஒரு கோடு போயிற்று. தோப்புக்குப் பின்னால் இருந்த காலனிக்காரர்கள் தலைமுறையாக நடந்த வழி. எந்த அரசாங்கப் பதிவிலும் அது இல்லை. அந்தக் கோட்டின் மேல்தான் 'ஏ' பிளாக் வர வேண்டியிருந்தது. அவன் கோட்டைத் தேர்ந்தெடுத்தான், ஒரு பொத்தானை அழுத்தினான், அது போய்விட்டது.

கல் நடும்போது காலனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். வேண்டா என்று பெயர். மகாபலிபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் அறை துடைக்கும் வேலை. ஐம்பது வயதிருக்கும்.

"சார், பிளான்ல எங்க வழி கீதா?"

"கீதும்மா. கவலப்படாத."

அவள் நம்ப வேண்டும் என்பதற்காக அவள் பேச்சிலேயே சொன்னான். உண்மையில் அது அவன் அம்மாவின் பேச்சு.

"நீ எந்த ஊரு சார்?"

"செங்கல்பட்டு டவுன்."

அவன் பிறந்தது கருங்குழிக்கு வெளியே, இதே மாதிரி ஒரு காலனியில். அடுத்தவன் வரப்பில் நடந்ததற்காக அவன் அப்பா அடி வாங்கியிருக்கிறார். அதையெல்லாம் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டவன் அவன். வேண்டா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுவர் எழுந்தது. காலனி ஜனம் உப்பங்கழிக் கரையோரமாக மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போயிற்று. ஐப்பசி மழையில், வேலை முடிந்து திரும்பிய வேண்டாவை அந்தக் கரையில் பாம்பு கடித்தது. சேற்றில் ஆட்டோ வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நான்கு பேர் அவளை மேற்குச் சுவர் வரைக்கும் தூக்கி வந்தார்கள். ஆம்புலன்ஸ் சுவருக்கு இந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நின்றது. சுவரில் ஒரே ஒரு கேட் இருந்தது, கழிவுநீர் லாரி வருவதற்காக ஜெபகுமார் வரைந்த கேட். அதன் சாவி அவன் பேன்ட் பாக்கெட்டில். அவன் கோவளத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

வாட்ச்மேன் சின்னராசு போன் செய்தான். அவனும் அந்தக் காலனிக்காரன்தான். "சார், ரெண்டு நிமிசம் தொறந்துவுட்டா போதும் சார்."

ஒரு தடவை திறந்தால் வழி என்று உரிமை கேட்பார்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். "பத்து நிமிசம் இரு, கேட்டுட்டு சொல்றேன்" என்றான் ஜெபகுமார். மேனேஜரின் போன் பிசியாக இருந்தது. அவன் மறுபடி கூப்பிடவில்லை. சின்னராசுவையும் கூப்பிடவில்லை. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று. அடுத்த வாரம் அந்தக் கேட்டை சிமென்ட் பிளாக் வைத்து அடைத்தார்கள். திருத்திய வரைபடமும் அவன் போட்டதுதான்.

'ஏ' பிளாக்கின் மேற்குக் கோடித் தரைதள வீட்டைச் சாக்கடை வாடைக்காக யாரும் வாங்கவில்லை. கம்பெனி அதை அவனுக்குச் சலுகையில் தந்தது. சிநேகாவிடம் அவன் எதையும் சொல்லவில்லை.

குடிவந்து இரண்டாவது வாரம் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மாலை ஆறரைக்கு, சுற்றியிருந்த காலி வீடுகளின் ஜன்னல்கள் கறுத்துக்கொண்டு வரும் நேரத்தில், கிழக்கே பஸ் நிறுத்தப் பக்கமிருந்து ரப்பர் செருப்புகள் இழுபடும் ஓசை வரும். காலி டிபன் டப்பாவுக்குள் ஸ்பூன் உருளும் ஓசை, களைத்துப்போன பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வரும் முணுமுணுப்பு, அதோடு சோப்புத்தூளும் வியர்வையும் ஈரச் சவுக்கிலையும் கலந்த ஒரு வாடை. மூடிய பால்கனிக் கதவை அது தாண்டும். ஹாலில் சோபாவுக்கு முன்னால் கடக்கும். டிவி வெளிச்சம் ஒருமுறை மங்கித் தெளியும். பிறகு சின்ன அறைக்குள் போய், அங்கே நின்றுவிடும்.

சிநேகா நான்கு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் பெட்டியை எடுத்து வைத்தாள்.

"இந்த எடத்துல முன்ன இன்னா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. சவுக்குத் தோப்பு."

"தோப்புல ஆளு நடக்கலியா?"

அவன் சுவரைப் பார்த்தான். அவள் கருங்குழியில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

தனியாக உட்கார்ந்து கேட்டபோதுதான் அது அவனுக்கு உறைத்தது. காலடிகள் வருகின்றன. போவதில்லை. தினமும் உள்ளே மட்டும் வருகின்றன. ஜன்னலுக்கு வெளியே, கட்டடத்துக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவே பத்தடிப் புல்தரை. அந்தப் புல் மொத்தமும் மிதிபட்டுப் படிந்து கிடந்தது. முதலில் அந்த இடம் நிரம்பியிருக்கிறது. பிறகு சின்ன அறை. இப்போதெல்லாம் அந்த அறைக் கதவு முழுதாகத் திறப்பதில்லை. தள்ளினால் பாதியில் நிற்கும். மரத்திலோ இரும்பிலோ முட்டி நிற்பது போலில்லை. மெத்தென்ற எதிலோ பட்டு நிற்கும். தள்ளினால் கொஞ்சம் விலகி, மறுபடி வந்து ஒட்டும். உள்ளே விளக்கைப் போட்டால் காலி அறை. ஆனால் மூடிய பஸ்ஸுக்குள் இருப்பது போல் வெதுவெதுப்பு. ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் தலை உயரத்தில் ஆவி படிந்திருக்கும்.

அவன் சின்னராசுவைத் தேடிப் போனான்.

"சாயங்காலம் காலனி ஆளுங்க யாருனா உள்ள வர்றாங்களா?"

சின்னராசு நாற்காலியை விட்டு எழவில்லை. "யாரு வருவா? நாங்கதான் கழி ஓரமா சுத்திகினு போறோமே."

"சத்தம் கேக்குதுப்பா. வூட்டுக்குள்ள."

"அன்னிக்கு நீங்க போன்ல பேசினத வேண்டா அக்காவும் கேட்டுச்சு சார்" என்றான் சின்னராசு. அவன் குரலில் கோபம் இல்லை. "செவுத்துக்கு அந்தாண்டதான் ஒக்காந்திருந்துச்சு. நான் ஸ்பீக்கர்ல போட்டேன். பத்து நிமிசம்னு சார் சொன்னாரே, தொறந்துருவாருன்னு சொல்லிகினே இருந்துச்சு. வாய் கோணிப்போற வரைக்கும் அதையேதான் சொல்லிச்சு."

ஜெபகுமார் திரும்பி நடந்தான்.

மறுநாள் மேனேஜரிடம் காலனிக்கு வழிவிட்டு வரைந்த ஒரு புது வரைபடத்தை நீட்டினான். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "தூக்கம் பத்தலியா ஜெபா?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் சிநேகா கூப்பிட்டாள். "என் துணி, சர்ட்டிபிகேட் எல்லாம் அங்க கீது. பஸ்ல வந்துகினு இருக்கேன். ஆறரைக்கு வந்துருவேன்."

"இன்னிக்கு வாணாம். நானே எடுத்துகினு வரேன்."

"உங்கள பாக்க வரலீங்க. துணிய எடுக்க வரேன்." வைத்துவிட்டாள். மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை.

ஹாலில் பாதி ஏற்கெனவே நிரம்பிவிட்டிருந்தது. மூன்று நாளாக அவன் சமையலறையிலேயே படுத்தான். ஆறரைக்கு அவள் அந்த மணலில் கால் வைக்கக் கூடாது. அதற்குள் அவர்களுக்கு வழி விட்டாக வேண்டும். ஸ்டோரிலிருந்து சம்மட்டியை எடுத்துக்கொண்டு ஐந்தரைக்குக் கட்டடத்தின் பின்பக்கம் போனான். சின்னராசு பார்த்தான். தடுக்கவில்லை. நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

பத்தடிப் புல்தரையில் யாருமே இல்லை. வெயில் இன்னும் இருந்தது. ஆனால் அடைத்த கேட்டை நெருங்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. திருவிழாக் கூட்டத்தில் புகுவது போல் தோளைக் கொடுத்து, பக்கவாட்டில் நகர்ந்து, மூச்சு முட்ட முட்டப் போனான். காதோரம் வெப்பமாக யாரோ மூச்சு விட்டார்கள். கையில் கண்ணாடி வளையல் ஒன்று குளிர்ச்சியாக உரசிப் போயிற்று. சம்மட்டியை ஓங்கக்கூட இடமில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துத்தான் இடித்தான். கை தோலுரிந்தது. ஒரு பிளாக் விரிசல் விட்டது. இன்னொரு இடி. அது அந்தப் பக்கம் விழ வேண்டும்.

விழவில்லை. சாய்ந்தது. எதிலோ தாங்கி நின்றது.

விரலை விட்டு அதை இழுத்து எடுத்தான். ஓட்டைக்கு அந்தப் பக்கம் காலனியின் கூரைகள் தெரிய வேண்டும். உப்பங்கழி தெரிய வேண்டும். வானம் தெரிய வேண்டும்.

முகங்கள் தெரிந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி, கன்னம் கன்னத்தில் அழுந்த. காலையில் வேலைக்குக் கிளம்பியவர்கள். தலை வாரி, பவுடர் போட்டு, கையில் பையோடு. கண்ணிமைக்காமல் அவனைப் பார்த்தார்கள். அந்தப் பக்கமும் இடமில்லை.

பின்னால் செருப்புச் சத்தம்.

ஆறரை.

அவன் திரும்ப முயன்றான். முடியவில்லை. முதுகில் நெருக்கம் ஏறியது. ஹாலிலிருந்தவர்கள் ஓரடி நகர்ந்தார்கள். அறையிலிருந்தவர்கள் ஓரடி. புல்தரையிலிருந்தவர்கள் ஓரடி. சம்மட்டி கையிலிருந்து நழுவியது. கீழே விழவில்லை. உடல்களுக்கு நடுவே நின்றது.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் குறையக் குறைய அவர்கள் தெரிந்தார்கள். முதலில் பின்னல்கள். பிறகு தோள்கள். எல்லா முகமும் சுவரைப் பார்த்து. வேண்டாவைத் தேடினான். அவள் இல்லை. ஒரு முகமும் அவனுக்குத் தெரிந்ததில்லை.

"ஏங்க."

தெரிந்த குரல். வெகு பக்கத்தில்.

"சிநேகா! உள்ள வராத! ரோட்டுக்குப் போ!"

கூட்டம் இன்னொரு அடி நகர்ந்தது. அவளை அவன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தது. பஸ்ஸில் வந்த புடவை. தோளில் கைப்பை. கணுக்கால் வரை மணல். அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. மற்றவர்களைப் போலவே நெற்றியைச் சுவரில் வைத்தாள். கண்ணைத் திறந்தபடியே வைத்தாள்.

பின்னால் பால்கனிக் கதவு திறந்தது. இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.