பாதிப் படகும் புகைகிற டப்பாவும்

மாமாவின் கையிலிருந்த டப்பா புகைய ஆரம்பித்தபோது, படகில் பாதி வேலைதான் முடிந்திருந்தது.

"அக்கா! சுடுது! சுடுது!" என்று மாமா கத்தினார்.

"வெளியே கொண்டு போடா! மண்ணுல வை!" என்று அம்மா அவரைவிடச் சத்தமாகக் கத்தினார்.

மாமா டப்பாவைக் கைக்குக் கை மாற்றியபடி ஷெட்டை விட்டு ஓடினார். லாரி ஓட்டுகிறவர் அவர். ஓடிப் பார்த்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. வாசல் மண்ணில் டப்பாவை வைத்ததும், உள்ளேயிருந்த பசை குபுகுபுவென்று புகைந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லாக இறுகிவிட்டது.

ஷெட்டுக்குள் கயாக் கவிழ்ந்து கிடந்தது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற, நீளமான, ஒல்லிப் படகு. தையல் கடையிலிருந்து வந்ததும் அம்மா தினமும் அதோடுதான் மல்லுக்கட்டுவார். விரல் அகல மரப் பட்டிகளை வளைத்து, ஒன்றோடு ஒன்றாக ஒட்டி, இழைத்துச் செய்தது. பட்டிகளின் மறுமுனையைப் பிடிப்பது மகள் நண்டு. அவளுக்குப் பத்து வயது. ஓரிடத்தில் நிற்காமல் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால் வீட்டில் அந்தப் பெயர்.

மரத்துக்குள் தண்ணீர் இறங்காமலிருக்க, மெல்லிய கண்ணாடி இழைத் துணியை மேலே போர்த்தி, ரெசினும் அதை இறுக வைக்கிற ஹார்டனரும் கலந்த பசையை ஊற்றித் தேய்க்க வேண்டும். பசை பட்ட இடத்தில் வெள்ளைத் துணி கண்ணுக்குத் தெரியாமல் போய், மரம் பளபளக்கும். பாதிப் படகு அப்படி மின்னியது. மறுபாதியில் துணி வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"ஹார்டனர் ஜாஸ்தி ஊத்திட்டியா?" என்று அம்மா கேட்டார்.

"சத்தியமா இல்லக்கா. நீ சொன்ன அளவுதான். சின்னச் சின்னதா கலந்தா எப்ப முடியும்னு ஒரே ட்ரிப்பா ஏத்திட்டேன்."

அம்மா தலையில் கை வைக்கப் போனார். கையுறை முழுக்கப் பசை என்பது ஞாபகம் வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். பசை முடிந்த ஓரத்தை விரலால் தொட்டார். பிசுக்கென்று ஒட்டியது.

"இறுக ஆரம்பிச்சிடுச்சு. இது காயறதுக்குள்ள மீதியையும் தேய்ச்சாகணும். இல்லேன்னா நடுவுல மேடு விழுந்துடும். துணியை உரிச்சா மரமும் சேர்ந்து பிய்ஞ்சு வரும்."

"அப்ப கொஞ்சம் கொஞ்சமா கலக்கட்டுமா?"

"அதுக்கு நேரம் இல்லடா!"

"மொத்தமா கலந்தா புகையுதேக்கா!"

"ரெசினும் ஒரு டப்பாதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா..." அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா அழுது நண்டு பார்த்ததில்லை. இப்போது பார்த்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. வாசலில் புகையும் டப்பாவைப் பார்த்தாள். கையுறை போட்ட கையைப் படகின் மேல் வைத்தாள். சுடவே இல்லை.

"அம்மா, டப்பாவுல இருக்கறதும் படகுல தேய்ச்சதும் ஒரே மாதிரிப் பசைதானே?"

"இப்பப் போய்க் கேள்வி கேக்காதே, நண்டு!"

"இல்லம்மா, படகு ஜில்லுன்னு இருக்கு. டப்பா மட்டும் ஏன் சுடுது? அதுல குவிஞ்சு கிடக்கு. இதுல பரவிக் கிடக்கு. சாப்பாடு சுட்டா நீ தட்டுல பரப்பித்தானே ஆத்துவே?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பெயின்ட் அடிக்கிற அகலத் தட்டு ஒன்று அலமாரியில் இருந்தது. அதிலிருந்த ஆணிகளை எல்லாம் தரையில் கொட்டினாள். வேறு நாளாயிருந்தால் நல்ல திட்டு கிடைத்திருக்கும்.

அம்மா தட்டைப் பார்த்தார். படகைப் பார்த்தார். "கலக்குடா. கலந்ததும் தட்டுல கவிழ்த்துடு."

மாமா கலக்கினார்.

"சுடுதா மாமா?"

"இல்ல... இப்ப லேசா வெதுவெதுங்குது!"

"ஊத்துங்க!"

பசை தட்டு முழுக்கப் பரவியது. மூவரும் மூச்சு விடாமல் குனிந்து பார்த்தார்கள். புகை வரவில்லை.

"ஓடு!" என்றார் அம்மா.

நண்டு தட்டோடு பக்கவாட்டில் நகர, மாமா அள்ளி ஊற்ற, அம்மா ரப்பர் தகட்டால் இழுத்து இழுத்துத் தேய்த்தார். பழைய பசையும் புதுப் பசையும் சேருமிடத்தில் அம்மா மூன்று முறை அழுத்தித் தேய்த்தார். மேடு தட்டவில்லை. வெள்ளை குறைந்துகொண்டே வந்தது. படகின் மூக்குக்கு வந்தபோது தட்டு காலி. ஒரு கையளவு துணி இன்னும் வெள்ளையாக இருந்தது.

"சுரண்டு, நண்டு! சுரண்டு!"

மூலையில் ஒட்டியிருந்ததை நண்டு வழித்துப் போட்டாள். அம்மா தேய்த்தார். கடைசி வெள்ளையும் மறைந்தது.

அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமா சத்தமில்லாமல் கையுறையைக் கழற்றி, தன் பையை எடுத்துக்கொண்டார்.

"நான் கெளம்பறேன்க்கா. நான் கை வெச்சாலே இப்படித்தான்."

அம்மாவுக்குக் கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை போலிருக்கிறது. நண்டு போய் வாசலை மறித்து நின்றாள்.

"நாளைக்கு இன்னொரு பூச்சு இருக்கு மாமா. எனக்கு உங்களை மாதிரி வேகமா கலக்க வராது."

மாமா அக்காவைப் பார்த்தார். அம்மா பளபளக்கும் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரும்போது ரெசின் ஒரு டப்பா வாங்கிட்டு வாடா," என்றார் கடைசியில்.

மாமாவின் முகம் மலர்ந்தது. "பெருசாவே வாங்கிட்டு வரேன்க்கா!"

"அப்ப தட்டையும் பெருசா வாங்கிட்டு வாங்க," என்றாள் நண்டு.