இரண்டு அளவுக்குச்சிகள்

நான் இதைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. நடந்தபோது எனக்கு ஒரு வயதும் நான்கு மாதமும். சித்தி சொன்னதையும் தச்சர் சொன்னதையும் ஒட்டிவைத்ததுதான் இது. சித்தியின் கதையில் அன்று கொட்டும் மழை. தச்சரின் கதையில் வெறும் தூறல். நான் மழையை வைத்துக்கொள்கிறேன். அவர்களை அவள், அவன் என்றே சொல்லப்போகிறேன். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு, அவனுக்கு முப்பத்தைந்துதான்.

அக்கா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அக்காவின் குழந்தையை, அதாவது என்னை, இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் மரப்பட்டறைக்குள் நுழைந்தாள். இழைப்புளியை நிறுத்திவிட்டு அவன் நிமிர்ந்தான். முதலில் குழந்தையைப் பார்த்தான். அப்புறம்தான் அவளை. மூட்டமான வானம் மாதிரி இருந்தன அவன் கண்கள்... பெய்யவும் பெய்யாது, கலையவும் கலையாது.

"மழைக்கு ஒதுங்கினீங்களா, வேலைக்கு வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான். குழந்தை உட்கார்ந்து சாப்பிடற மாதிரி உயரமான நாற்காலி ஒண்ணு வேணும்."

"கடையிலயே கிடைக்குமே."

"வாங்கினேன். பிளாஸ்டிக். ஆடுது. இவ பயந்துபோய் வாயவே திறக்கல." அவள் தலையைத் துவட்டியபடி சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை இவ அத்தை வராங்க. இவ அப்பா கப்பல்ல இருக்கார், தன் அக்கா, அதான் இவ அத்தை, சொல்றபடி நடக்கட்டும்னு எழுதிட்டார். மடிய விட்டு இறங்காத பிள்ளைய வச்சுக்கிட்டு நீ எப்படி வேலைக்குப் போவேன்னு போன்லயே கேட்டாச்சு. இவ தனியா உட்கார்ந்து சாப்பிடறத அவங்க பார்க்கணும். இல்லன்னா தூக்கிட்டுப் போயிடுவாங்க."

அவன் இழைப்புளியைக் கீழே வைத்தான். பிறகு மரச்சுருள்களை ஒதுக்கிவிட்டு என்னை மேஜையில் உட்கார வைத்தான். ஒரு மெல்லிய குச்சியை என் காலோடு சேர்த்துப் பிடித்தான். முழங்காலுக்கு ஒரு வெட்டு, முழங்கைக்கு ஒரு வெட்டு, வயிற்றுக்கும் தட்டுப் பலகைக்கும் நடுவில் விட வேண்டிய இடத்துக்கு ஒரு வெட்டு.

"டேப் இல்லையா உங்ககிட்ட?"

"நம்பர் மறந்துபோகும். குச்சி மறக்காது."

அவள் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்துவிட்டோமே என்று உடனே குற்றவுணர்வு வந்ததாம்.

வெள்ளிக்கிழமை நாற்காலி தயாராக இருந்தது. பழைய கதவு ஒன்றின் கருத்த மரம். கால்கள் அகட்டி, தரையைக் கவ்விக்கொண்டு நின்றன. உப்புத்தாள் போட்டுப் போட்டுக் கன்னம் மாதிரி வழவழப்பு. என்னை உள்ளே இறக்கினாள். தட்டுப் பலகை வயிற்றை அழுத்தியது. பாதங்கள் கால் பலகையில் முட்டி, முழங்கால்கள் மேலே தூக்கிக்கொண்டன. நான் அலறினேன்.

"குச்சி மறக்காதுன்னு பெருசா சொன்னீங்களே," என்றாள். நாளை மறுநாள் அத்தை வருகிற பயம் எல்லாம் குரலில் ஏறியது. "யாருக்குங்க அளவெடுத்தீங்க?"

அவன் சுவரைப் பார்த்தான். ஆணியில் ஒரு குச்சி தொங்கியது, புதிதாக, வெள்ளையாக. மேஜையில் கிடந்தது இன்னொன்று. பழுப்பேறி, கைபட்டுப் பளபளத்தது.

"பழக்கத்துல கை அத எடுத்திருக்கு..." என்றான். "என் பொண்ணோடது. எட்டு மாசம். நாற்காலிக்கு அளவெடுத்த வாரம் காய்ச்சல் வந்துச்சு."

மழை தகரக்கூரையில் விழுந்துகொண்டே இருந்தது.

"அவ அம்மா?"

"பிரிஞ்சுட்டோம். ஒருத்தர் முகத்த ஒருத்தர் பார்க்க முடியல."

ஒரு மன்னிப்புக்கூட அவள் வாயில் வரவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்... வாயா இது, சாட்டையா?

ஞாயிறு காலை அத்தை கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் சித்தியின் மடியில். அப்போதுதான் அவன் தோளில் நாற்காலியோடு நனைந்துபோய் வாசலில் நின்றான். கைப்பிடிகள் இரண்டும் புதிய வெளிர் மரம். தட்டுப் பலகை தள்ளிப் போயிருந்தது. கால் பலகை இறங்கியிருந்தது; வளர வளர இன்னும் இறக்க, கீழே நாற்காலியின் காலில் இரண்டு காடி, பலகையைச் செருகும் பள்ளங்கள், வெட்டியிருந்தான். இருக்கை மட்டும் அதே கருத்த மரம், அவன் பெண்ணின் அளவிலேயே.

உட்கார வைத்தார்கள். நான் தட்டில் இரண்டு அடி அடித்தேன். எல்லோர் முகத்தையும் பார்த்தேன். பிறகு வாயைத் திறந்தேன். கிண்ணம் காலியாகும்வரை திறந்தபடியே இருந்தேனாம்.

"யாரு இவரு?" என்றாள் அத்தை.

"நாற்காலி செஞ்சவர், அண்ணி."

"செஞ்சவர் வச்சுட்டுப் போக வேண்டியதுதானே? பிள்ளை சாப்பிடறதப் பார்த்து ஏன் கண் கலங்கி நிக்கிறார்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அத்தை ஊருக்குக் கிளம்பும்போது சித்தியிடம் சொன்னாள்: "பிள்ளை உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா அந்த ஆள் இந்தப் படி ஏறினான்னு கேள்விப்பட்டேன், அடுத்த வண்டியில வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்."

அவள் பட்டறைத் தெருவைத் தவிர்த்து, சுற்று வழியில் வேலைக்குப் போகத் தொடங்கினாள். மரம் அறுக்கும் சத்தம் கேட்டால் நடை தானாக வேகமாகும். ஒவ்வொரு வேளையும் அந்தக் கருத்த இருக்கையைத் துடைப்பாள். துடைக்கும்போதெல்லாம் அந்தக் கண்கள்... கால் பலகை ஒரு காடி இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. ஒன்றரை வருடம் போனது.

ஒரு மழை நாளில் நாற்காலியை ஒரு கையிலும் என்னை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அவள் பட்டறைக்குப் போனாள்.

"இதுக்கு மேல இறக்க இடமில்ல," என்றாள்.

"ஒண்ணு இறக்கும்போதே வருவீங்கன்னு நினைச்சேன்."

"அண்ணிகிட்ட சொல்லிட்டு வரணும்ல? இன்னைக்குத்தான் தைரியம் வந்துச்சு."

"என்ன சொன்னீங்க?"

"அவர் பொண்ணோட இருக்கையிலதான் இவ தினமும் சாப்பிடறா. அவர வாசலுக்கு வெளிய நிறுத்த என்னால முடியாதுன்னேன்."

"அதுக்கு அவங்க?"

"போன வச்சுட்டாங்க."

அவன் சுவரிலிருந்து வெள்ளைக் குச்சியை எடுத்தான். அது இப்போது வெள்ளையாக இல்லை. பழைய வெட்டுகளுக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்ன வெட்டுகள்.

"மாசத்துக்கு ஒண்ணு," என்றான். "இந்நேரம் இவ இவ்வளவு வளர்ந்திருப்பான்னு... குத்துமதிப்பாத்தான்."

அவள் மண்டியிட்டு, குச்சியை என் முதுகோடு நிறுத்திப் பார்த்தாள்.

"ஒரு விரல் தப்பு."

"பார்க்காம போட்டது."

"இனிமே பார்த்தே போடுங்க," என்றாள். "எனக்கும் உங்களப் பார்க்காம இருக்க முடியல."

அவன் கண்களில் நின்றிருந்த மழை அன்றுதான் பெய்தது.

அடுத்த ஆண்டு பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அத்தை வரவில்லை, என்னைத் தூக்கிப் போகவும் வரவில்லை. ஐந்து வருடம் கழித்துப் பேசினாள், இப்போது உயிரோடு இல்லை. அப்பா கரைக்கு வந்து வேறு ஊரில் குடும்பமாக இருக்கிறார். சித்திக்கும் தச்சருக்கும் பிள்ளை பிறக்கவில்லை. தச்சரை நான் சித்தப்பா என்று கூப்பிட்டேன். மூன்று வருடம் முன்பு, பட்டறையிலேயே, நெஞ்சுவலியில் போய்விட்டார். சித்தி என்னோடு இருக்கிறாள். நாற்காலியில் என் மகன் சாப்பிடுகிறான். குச்சிகள் இரண்டும் சித்தியின் அலமாரியில், ஒரே துணியில் சுற்றியபடி இருக்கின்றன.