கத்தியில்லாத கழுத்தறுப்பு

போன் அலறியது!

மருத்துவமனையின் கோடிங் அறையில் அதை எடுத்தவள், ஆபீஸே 'அவசரக்குடுக்கை' என்று கூப்பிடும் பெண்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். மாமியார் கழுத்தறுத்த கேஸ்... பாடி எங்க?"

போனை வைத்துவிட்டு மேனேஜரிடம் ஓடினாள்.

நோயாளியின் வியாதிக்கு ஏற்ற 'கோடு' என்னும் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. காலையில் வந்த கேஸ் ஷீட்டில், 'ஒரு வருஷமாக மாமியார் தினமும் கழுத்தறுக்கிறார்' என்று நோயாளி சொன்னதை டாக்டர் அப்படியே எழுதியிருந்தார். இவளும், 'கழுத்தில் வெட்டு, கொலைத் தாக்குதல்' என்று கோடு போட்டுவிட்டாள்.

அந்தக் கோடு விழுந்தால் போலீசுக்குத் தகவல் தானாகப் போகும்...

"தினமும் அறுத்தா ஆள் எப்படிம்மா நடந்து வருவா?" மேனேஜர் தலையில் கை வைத்தார். "இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள சரியான கோடு வேணும். இல்லேன்னா உன் சீட்ல வேற ஆளு."

ஓடினாள்.

பிசியோதெரபி அறையில் நோயாளி, காது தோளைத் தொட, கோணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"அக்கா... கத்தி?"

"கத்தி எதுக்கு? வாயே போதும்! காலையில போன் பண்ணா மத்தியானம்தான் வைப்பாங்க. போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டே சமையல், துணி, எல்லாம். கழுத்து இப்படியே நின்னுபோச்சு."

அவளுக்கு உயிர் வந்தது.

காயம் இல்லை. இடம், கழுத்து. மூன்று மாதத்தைத் தாண்டினாலே நாள்பட்ட வலி; இதுவோ ஒரு வருஷம்.

திரும்பி ஓடிவந்து கோடை மாற்றினாள். மேனேஜர் பார்த்தார். சீட் தப்பியது.

அதற்குள் பிசியோதெரபி அறையில் இன்ஸ்பெக்டர்!

மறுபடி அங்கே ஓடி, வலிதான், வெட்டு இல்லை என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. மருமகளை மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்றார்.

நோயாளியின் போன் ஒலித்தது.

மாமியார்!

"கொடுங்க. நானே விசாரிக்கறேன்."

வாக்குமூலம் எழுத இரண்டு கையும் வேண்டுமே... போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார்.

முதலில் கேள்வி கேட்டார். பிறகு 'ம்' கொட்டினார். பிறகு அதுவும் இல்லை. அவருக்கு வைத்த டீ ஆறி, ஆடை கட்டியது.

ஒருவழியாகப் போனை வைத்தார். தலை மட்டும் நிமிரவில்லை.

"கோடை... மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன் சார். வெறும் கழுத்துவலி."

கோணிய தலையோடு அவளைப் பார்த்தார் இன்ஸ்பெக்டர்.

"அவசரப்பட்டுட்டீங்களேம்மா... முதல்ல போட்டதுதான் கரெக்ட்!"