பரியாரியாருக்கு மருந்து கட்டியது யார்?

டெலிபோன் அலறியது!

நிறஞ்சலா ஓடவில்லை. கையுறையைக் கழற்றினாள். கை கழுவினாள். துடைத்தாள். அதற்குள் அது ஓய்ந்து, மறுபடி அலறியது.

"அக்கா... அப்பா போயிட்டார்!"

மேரிசெல்வி! உயிலங்குளத்து நாட்டு வைத்தியர் பொன்னையா பரியாரியாரின் ஒரே மகள்.

நிறஞ்சலா கதிரையில் தொப்பென்று இருந்தாள்.

எந்த மருந்துக்கும் மசியாத கிருமி ஒன்று இந்தத் தாராபுரத்து ஆய்வுகூடத்தில் இருந்தது. பரியாரியார் இடித்துக் கொண்டுவந்த பச்சைத் தூள் அதைக் கொன்றது. நிறஞ்சலா நம்பவில்லை. திரும்பச் செய்தாள். திரும்பவும் கொன்றது! தன் கையை நம்பாமல் இன்னொரு தடவையும் செய்தாள்.

அந்த மனுசனா செத்துப்போனார்?

பின்னேரம் இன்ஸ்பெக்டர் வலன்ரைன் வந்தார். பின்னால், அழுது வீங்கிய கண்ணோடு மேரிசெல்வி.

"பிள்ளை, ஆஸ்பத்திரி அறிக்கை வந்திட்டுது. பரியாரியாரின்ர காலில சின்னக் காயம். அதுக்குள்ள உங்கட கிருமி!"

"எங்கட...?"

"இஞ்ச வைச்சிருக்கிற அதே கிருமி. கண்டபடி வெளியில இருக்காதாம்."

நிறஞ்சலா தன் மேசையைத் திரும்பிப் பார்த்தாள்.

போன கிழமை பரியாரியார் இங்கே வந்திருந்தார். காலில் முள் கிழித்த காயம். அவளுடைய மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அன்று கை கழுவினேனா? கழுவினேன். மேசையைத் துடைத்தேனா? துடைத்தேன்... துடைத்தேனா?

"களைச்சுப் போயிருப்பாய், பிள்ளை." உள் அறையிலிருந்து சீவரத்தினம் வந்தார். ஆய்வுகூடத்தின் தலைவர். குரலில் தேன். "ராப்பகலா வேலை. கை தவறுறது மனுச சுபாவம்தானே? ஒத்துக்கொண்டா நான் கதைச்சு விடுறன்."

ஒத்துக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது. அவ்வளவு அலுப்பு! சரி என்றால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்... ஆனால் ஒரு மனுசனைக் கொன்றவளாகப் படுக்கவேண்டும்.

"சேர், காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்ததோ?" இன்ஸ்பெக்டரைக் கேட்டாள்.

"ஓம். வடிவான வெள்ளைத் துணிக் கட்டு."

"ஆர் கட்டினது?"

"அவர்தான் பரியாரியாராச்சே. தானே கட்டியிருப்பார்."

"கட்டமாட்டார்!" மேரிசெல்வி நிமிர்ந்தாள். "பரியாரி தனக்குத்தானே மருந்து செய்யக்கூடாதெண்டுறவர். தலையிடிக்கே நான்தான் பத்துப் போடவேணும். நான் வயலுக்குப் போயிற்று வர, கட்டோட காய்ச்சலில மயங்கிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில கட்டினதெண்டு நினைச்சன்."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்ததே நேற்றுத்தானே! கட்டு அதுக்கு முதலே இருந்ததே!" என்றார் வலன்ரைன்.

 

அப்படியென்றால் யாரோ கட்டினார்கள். துணியில் கிருமியைத் தடவி, தெரிந்தே கட்டினார்கள்!

நிறஞ்சலாவின் பார்வை அலைந்தது. ஓர் இடத்தில் நின்றது.

சீவரத்தினத்தின் வலக்கைச் சுட்டுவிரல். தடித்த கட்டு. விளிம்பில்... பச்சையாய் ஏதோ கசிந்தது!

"சேர், விரலுக்கு என்ன?"

"கதவு நசிச்சது."

"கதவு நசிச்சதுக்கு ஆராவது பச்சிலை அரைச்சுக் கட்டுவினமோ?"

அவர் கையைப் பின்னால் இழுத்தார். மேரிசெல்வி விடவில்லை. எட்டிப் பிடித்து முகர்ந்தாள்.

"ஐயோ, இது எங்கட ஆட்டுக்குத் தின்னப் போடுற இலைகுழை!"

"விசர் கதை கதைக்காத!" சீவரத்தினம் வெடித்தார். "இதுதான் அந்த மூலிகை! நானே பின்னால போய், பற்றைக்குள்ள நிண்டு பாத்தனான். கொப்பர் என்ர கண்முன்னாலதான் பிடுங்கினவர்!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

"அப்ப, உங்களுக்கும் கிருமி பிடிச்சிட்டுதெண்டு உங்களுக்கு முதலே தெரியும்." வலன்ரைன் ஆறுதலாகச் சொன்னார். "பரியாரியாருக்குத் துணி கட்டேக்க உங்கட விரலிலயும் பட்டிட்டுது... என்ன?"

சீவரத்தினம் கதிரையில் சரிந்தார்.

"ஞாயிறு பூசை முடிய அந்த மூலிகையை ஊருக்கே காட்டப்போறன் எண்டார்... சும்மா! ஒருதருக்கும் காப்புரிமை இல்லாம! இவ்வளவு வருசம் உழைச்ச எனக்குப் பேர் வேண்டாமோ?"

"காட்ட முதலே கொன்று போட்டியளே," மேரிசெல்வியின் குரல் உடைந்தது. "நீங்கள் கண்டது ஆட்டுக்குப் பிடுங்கினது. மருந்துக் குழைக்கு அப்பா தனியத்தான் போவார். எனக்கே காட்டினதில்லை!"

சீவரத்தினத்தின் முகம் வெளிறியது. விரலைப் பார்த்தார். வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது.

"நிறஞ்சலா... பிள்ளை... அந்தத் தூள்? கொஞ்சமாவது மிச்சம்...?"

"இல்லை, சேர்."

அவளுக்குச் சந்தோசம் வரவில்லை. தான் கொல்லவில்லை என்பது தெரிந்தது. ஆனால் உலகத்தில் ஒரே ஒரு மனுசனுக்குத் தெரிந்த இலை, அவரோடு பெட்டிக்குள் போகிறது. அலுப்பு இன்னும் கூடியது.

"காப்புரிமை கேட்டு எழுதி அனுப்பவேணும், தூளை முழுக்கப் பாவிச்சுச் சோதனையை முடி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

வலன்ரைன் விலங்கை எடுத்தார். அந்தப் பச்சை கசியும் கையைப் பார்த்தார். ஓர் அடி பின்வாங்கினார்.

"பிள்ளை, முதல்ல எனக்கொரு சோடி கையுறை தாங்கோ... சட்டத்தின்ர கை நீளம்தான், ஆனா இது என்ர கை!"